அப்பாவின் குறிப்பேட்டில் 44343: சிற்றலை (ஷார்ட் வேவ்) வானொலி கேட்டவர்கள் விளக்க வேண்டுகிறேன்

பாலக்கோடு வாசகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் இடையில் உள்ள ஒரு சிற்றூர் எங்களுடையது. தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் தந்தையார் சென்ற ஆண்டு காலமானார். வருடத் திதி முடிந்த பின், புளிப் பானைகளை ஏற்றி வைப்பதற்காகப் பரணை ஒழித்தபோது, ஒரு தகரப் பெட்டிக்குள் அவருடைய டிரான்சிஸ்டர் வானொலியும், மூன்று நீள நோட்டுகளும், நூலால் கட்டி வைத்திருந்த அட்டைக் கட்டு ஒன்றும், அஞ்சலக முத்திரைகள் குத்திய ஒரு சிறு புத்தகமும் கிடைத்தன.

நான் சிறுவனாக இருந்தபோது, இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவர் திண்ணைக்கு வந்து அந்த வானொலியை மடியில் வைத்துக்கொண்டு முள்ளை மெல்ல நகர்த்திக்கொண்டிருப்பது மட்டும் நினைவில் இருக்கிறது. கரகரப்பும், விசில் போன்ற கூவலும், நடுவே புரியாத மொழிகளும் வரும். அது எனக்கு அப்போது தூக்கத்தைக் கெடுக்கும் ஓசையாகத்தான் இருந்தது. என்ன கேட்கிறீர்கள் என்று ஒரு நாளும் அவரிடம் நான் கேட்டதில்லை. இப்போது கேட்க விரும்புகிறேன். சொல்வதற்கு அவர் இல்லை. ஆகவேதான் இங்கே எழுதுகிறேன்.

நோட்டுகளில் 1979 முதல் 2019 வரை பதிவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், மீட்டர் அளவு, நிலையத்தின் பெயர், ஐந்து இலக்க எண் ஒன்று, பிறகு ஓரிரு சொற்கள். ஒரு வரியை அப்படியே தருகிறேன்: “12.8.1998, 15.45, 31 மீ., லண்டன், 44343, செய்தி தெளிவு, கடைசி ஐந்து நிமிடம் அலை இறக்கம்.” இந்த ஐந்து இலக்க எண் எதைக் குறிக்கிறது? பிற்பகல் 3.45 மணிக்கு அவர் பள்ளியில் இருந்திருப்பாரே, அந்த நேரத்தில் எப்படி வானொலி கேட்டார்? அட்டைக் கட்டில் கொழும்பு, பீகிங், மாஸ்கோ, மணிலா, வத்திக்கான் ஆகிய இடங்களிலிருந்து வந்த படம் அச்சிட்ட அட்டைகள் உள்ளன. ஆனால் நோட்டில் மிகுதியாக இடம்பெறும் லண்டனிலிருந்து ஓர் அட்டைகூட இல்லை. அது ஏன்? அவை தொலைந்துபோயினவா?

மலை சூழ்ந்த எங்கள் ஊரில் இன்றும் கைப்பேசி அலை சரியாகக் கிடைப்பதில்லை. அவ்வாறிருக்க, அத்தனை தொலைவிலிருந்து வந்த ஒலி ஒரு சிறு பெட்டியில் எப்படிக் கேட்டது என்பதையும் யாரேனும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். அந்த வானொலியை மீண்டும் பேச வைக்க முடியுமா என்பது என் கடைசிக் கேள்வி.

பென்னாகரம் நேயர் எழுதியது:

தம்பி, உங்கள் தந்தையாரின் மறைவுக்கு என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். அவரை நான் நேரில் அறியேன். ஆனால் அந்த ஒற்றை வரியைப் படித்தவுடன் அவர் எப்படிப்பட்ட நேயர் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. இதே போன்ற நோட்டுகள் என்னிடமும் இருக்கின்றன.

முதலில் அந்த எண். அதைச் சின்போ குறியீடு என்போம். ஐந்து இலக்கங்களும் ஐந்து தனித்தனி மதிப்பெண்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை கொடுக்க வேண்டும். 5 மிகச் சிறப்பு, 1 மிக மோசம். முதல் இலக்கம் அலையின் வலிமை, இரண்டாவது பக்கத்து நிலையங்களின் குறுக்கீடு, மூன்றாவது இரைச்சல், நான்காவது அலை ஏறி இறங்கும் தன்மை, ஐந்தாவது மொத்தத்தில் நிகழ்ச்சியைக் கேட்க முடிந்த அளவு. குறுக்கீட்டுக்கு 5 கொடுத்தால் குறுக்கீடே இல்லை என்று பொருள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். ஆகவே 44343 என்றால், அலை வலிமையாக இருந்தது, குறுக்கீடு சிறிதே இருந்தது, இரைச்சல் நடுத்தரம், அலை இறக்கம் சிறிது உண்டு, மொத்தத்தில் ஓரளவு நன்றாகக் கேட்டது என்று உங்கள் தந்தையார் எழுதியிருக்கிறார். அலை வலிமைக்கு நான்கு கொடுத்துவிட்டு மொத்த மதிப்பெண்ணை மூன்றாக வைத்திருக்கிறார் பாருங்கள், அது நேர்மையான மனிதரின் கணக்கு. நிலையத்தாரை மகிழ்விப்பதற்காக எப்போதும் 55555 என்று எழுதி அனுப்பியவர்களும் உண்டு. அத்தகைய அறிக்கையால் எந்தப் பொறியாளருக்கும் பயனில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, அவர் எழுதியது உலகப் பொது நேரம். நாங்கள் அதை ஜி.எம்.டி. என்போம். அதனுடன் ஐந்தரை மணியைக் கூட்டினால் நம் நேரம் வரும். 15.45 என்பது இரவு 9.15. பி.பி.சி. தமிழோசையின் நேரம் அது. அந்த 9.15 மணியை எங்கள் தலைமுறை மறக்க முடியாது. பென்னாகரத்தில் எங்கள் தெருவில் ஒன்பதே கால் ஆனால் மூன்று நான்கு வீடுகளிலிருந்து ஒரே குரல் கேட்கும். ஒரு வீட்டில் அலை இறங்கினால் அடுத்த வீட்டில் விட்ட வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ளலாம். பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 1941ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், போர்க் காலத்தில் தொடங்கியது. இந்திரா காந்தி அம்மையார் 31.10.1984 அன்று சுடப்பட்டபோது, அவர் இறந்துவிட்டார் என்ற செய்தியை பி.பி.சி. பகலிலேயே சொல்லிவிட்டது, நம் வானொலி மாலையில்தான் உறுதி செய்தது. அன்று பேருந்து நிலையத்தில் ஒரு தேநீர்க் கடைக்காரரின் வானொலியைச் சுற்றி நின்ற கூட்டத்தில் நானும் இருந்தேன்.

லண்டன் அட்டை ஏன் இல்லை என்று கேட்டீர்கள். தொலையவில்லை, தம்பி. நேயர் அனுப்பும் அறிக்கையை உறுதி செய்து அட்டை அனுப்பும் வழக்கத்தை பி.பி.சி. வைத்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் அனுப்பினார்கள். அவற்றைக் கியூ.எஸ்.எல். அட்டை என்போம், தமிழில் வண்ண அட்டை என்று சொல்வதும் உண்டு. தந்திக் காலத்துச் சுருக்கக் குறியீடுகளில் கியூ.எஸ்.எல். என்றால் கிடைத்ததை உறுதி செய்கிறேன் என்று பொருள். எந்த நாள், எந்த நேரம், எந்த அலைவரிசை, என்னென்ன கேட்டீர்கள், சின்போ எவ்வளவு என்று நாம் எழுதி அனுப்பினால், அவர்கள் தங்கள் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் அட்டை அனுப்புவார்கள். தங்கள் ஒலி தருமபுரிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் எப்படி விழுகிறது என்பது அவர்களுக்குத் தெரிய வேறு வழி கிடையாது. நீல நிற விமான அஞ்சல் தாளில் இரவே எழுதி, மறுநாள் அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டு, ஒரு மாதமோ இரண்டு மாதமோ காத்திருப்போம். பதிலுக்கான அஞ்சல் செலவை நாமே ஏற்க விரும்பினால், பன்னாட்டுப் பதில் கூப்பன் ஒன்றை வாங்கி உடன் வைத்து அனுப்புவதும் உண்டு. அதற்காக நான் தருமபுரி தலைமை அஞ்சலகம் வரை பேருந்தில் போயிருக்கிறேன்.

அந்த நோட்டுகளை மேலும் கவனமாகப் பாருங்கள். 1983க்குப் பிறகு பீகிங் வானொலி என்பது பெய்ஜிங் வானொலி என்று மாறியிருக்க வேண்டும். 1993இல் அதுவே சீன வானொலி நிலையம் ஆனது. அங்கே தமிழ் ஒலிபரப்பு 1.8.1963 அன்று தொடங்கியது. நம் தமிழகத்து நேயர் மன்றங்கள் அவர்களுக்கு எழுதிய கடிதங்களுக்கு அளவே இல்லை. மாஸ்கோ வானொலியும் 1993 டிசம்பரில் ரஷ்யாவின் குரல் ஆயிற்று. உங்கள் தந்தையார் வானொலிப் பெயர்களைத்தான் எழுதினார். ஆனால் நாடுகள் மாறிய வரலாறும் அந்த வரிகளில் பதிந்திருக்கும்.

முத்திரை குத்திய சிறு புத்தகம் வானொலி உரிமப் புத்தகம். அந்நாளில் வானொலிப் பெட்டி வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தி அதைப் புதுப்பிக்க வேண்டும். எண்பதுகளில் அந்த நடைமுறை எடுக்கப்பட்டது. அதையும் பத்திரப்படுத்துங்கள்.

ஓசூர் அலைவரிசை எழுதியது:

தொலைத்தொடர்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், மலை சூழ்ந்த ஊரில் எப்படிக் கேட்டது என்ற கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கைப்பேசி அலையும் பண்பலையும் ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்பவை. நடுவே மலை நின்றால் அவை அங்கேயே தடைபடும். சிற்றலை அவ்வாறு வருவதில்லை. அது வானத்திலிருந்து இறங்கி வருகிறது. பூமிக்கு மேலே சுமார் 200 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில், சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்று அடுக்கு ஒன்று உள்ளது. சிற்றலை அதில் பட்டு வளைந்து மீண்டும் தரைக்குத் திரும்புகிறது. தரையில் பட்டு மறுபடியும் மேலே போகிறது. ஒரு தாவலில் மூவாயிரம் கிலோமீட்டர் வரைகூடக் கடந்துவிடும். மேலிருந்து சரிந்து வருவதால், உங்கள் ஊரைச் சுற்றியுள்ள குன்றுகள் பெரிய தடையாக இருந்திருக்க மாட்டா. அடிவானத்தை ஒட்டித் தாழ்வாக வரும் தொலைதூர அலைகளை மட்டும் மிக அருகில் உள்ள மலை ஓரளவு மறைத்திருக்கலாம்.

இரவில் மட்டும் சில நிலையங்கள் கிடைத்ததற்கும் காரணம் சூரியனே. பகலில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இன்னோர் அடுக்கு உருவாகிறது. அது அலையைத் திருப்புவதில்லை, விழுங்கிவிடுகிறது. குறைந்த அலைவரிசைகளைத்தான் அது மிகுதியாக விழுங்கும். பொழுது சாய்ந்ததும் அது கரைந்துவிடுவதால், அலைநீளம் 49 மீட்டரும் 41 மீட்டரும் உள்ள பகுதிகள் இரவில் உயிர் பெறுகின்றன. 19, 16, 13 மீட்டர்கள் பெரும்பாலும் பகலுக்கு உரியவை. மீட்டர் கணக்கு எளிது: 300ஐ மீட்டரால் வகுத்தால் மெகா ஹெர்ட்ஸ் கிடைக்கும். 31 மீட்டர் என்றால் ஏறத்தாழ 9.7 மெகா ஹெர்ட்ஸ். தருமபுரியிலிருந்து கொழும்பு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 600 கிலோமீட்டர்தான். அந்தத் தொலைவுக்கு 41 மீட்டர் பகலிலும் நன்றாகப் பொருந்தும். ஆகவேதான் இலங்கை வானொலி உள்ளூர் நிலையம் போல நம்மிடம் ஒலித்தது.

அவர் குறித்துள்ள அலை இறக்கம் என்பது, ஒரே ஒலி இரண்டு மூன்று வழிகளில் வந்து சேரும்போது அவை ஒன்றை ஒன்று சில நேரம் கூட்டியும் சில நேரம் அழித்தும் விடுவதால் நேர்வது. அந்த அடுக்குகள் அசைந்துகொண்டே இருப்பதால் ஒலியும் ஊஞ்சல் போல ஏறி இறங்கும்.

ஒன்றை மட்டும் பென்னாகரம் ஐயா அவர்களின் விளக்கத்தோடு சேர்க்க வேண்டும். நோட்டில் லண்டன் என்று இருந்தாலும் அந்த அலை லண்டனிலிருந்தே புறப்பட்டிருக்க வேண்டியதில்லை. பி.பி.சி.க்குச் சிங்கப்பூரின் கிராஞ்சியிலும் ஓமானிலும் மறு ஒலிபரப்பு நிலையங்கள் இருந்தன. குரல் லண்டனுடையது, அலை அருகிலிருந்து எழுப்பப்பட்டதாகவே பெரும்பாலும் இருந்திருக்கும். வலிமைக்கு அவர் நான்கு கொடுத்திருப்பதைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றுகிறது.

இதற்கு நேர்மாறான அனுபவம் எங்கள் ஓசூரில் கிடைத்தது. பெங்களூரில் 1990களில் நிறுவப்பட்ட அகில இந்திய வானொலியின் சிற்றலைப் பரப்பிகள் ஒவ்வொன்றும் 500 கிலோவாட் திறன் கொண்டவை. தொலைவில் உள்ள நாடுகளுக்காக வான் நோக்கி அனுப்பப்படும் அந்த அலை எங்கள் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும். பல வேளைகளில் பக்கத்து நகரத்து ஒலிபரப்பைக் காட்டிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் உள்ள நிலையம் எனக்குத் தெளிவாகக் கிடைத்தது.

இன்று இணையத்தின் வழியே தொலைவில் உள்ள வானொலி வாங்கிகளை இயக்கலாம். நெதர்லாந்தின் டுவென்டே பல்கலைக்கழகத்தில் உள்ள வாங்கியை நானும் அடிக்கடி திறந்து கேட்கிறேன். அது மிக அருமையான ஏற்பாடு. ஆனால் அதில் கேட்பது நெதர்லாந்து வானத்தில் இறங்கும் ஒலி. பாலக்கோட்டு வானத்தில் இன்றிரவு என்ன இறங்குகிறது என்பதை அறிய, பாலக்கோட்டில்தான் ஒரு கம்பியைக் கட்ட வேண்டும்.

அரூர் ஆசிரியை எழுதியது:

இந்த உரையாடலைப் படித்துக்கொண்டே வந்தேன். வானொலி கேட்டவர்கள் என்றால் செய்தி கேட்ட ஆண்கள் மட்டுமே என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது என்பதற்காக நானும் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் வானொலி என் அம்மாவுடையது. மொரப்பூர் பக்கத்தில் ஒரு கிராமம். காலையில் களி கிண்டும்போது இலங்கை வானொலியின் பொங்கும் பூம்புனல் ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால் அன்றைய நாள் சரியாகத் தொடங்காது. எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களை, கண்ணால் ஒருமுறையும் காணாமல், உறவினர் குரல்களைப் போல அடையாளம் காண்போம். அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் லகர ளகர ழகரங்களை அவர் ஒருநாளும் பிழையாக உச்சரித்ததில்லை. அதை அவருக்குக் கற்பித்தது அந்த வானொலி என்று நான் உறுதியாகச் சொல்வேன். நான் பின்னாளில் தமிழாசிரியை ஆனதற்கும் அதில் பங்கு உண்டு.

இதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1952இல் மத்திய அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்படப் பாடல்களுக்கு இடமில்லாதபடி செய்தார். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950இலேயே தொடங்கிவிட்டிருந்தது. போர்க் காலத்தில் படைகளுக்காக நிறுவப்பட்ட வலிமையான சிற்றலைப் பரப்பி அவர்களிடம் இருந்தது. பாட்டு வேண்டியவர்கள் எல்லோரும் முள்ளை அங்கே திருப்பினார்கள். 3.10.1957 அன்று விவித பாரதி தொடங்கப்பட்டது அதன் பிறகுதான். அதற்குள் எங்கள் வீடுகள் இலங்கைக்குப் பழகிவிட்டன.

1983க்குப் பிறகு அந்தப் பழக்கத்தின் தன்மை மாறியது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் அணைகளை ஒட்டி இலங்கைத் தமிழர்களுக்கான முகாம்கள் அமைந்தன. என்னிடம் படித்த முகாம் பிள்ளை ஒருவன், இரவு 9.15க்கு முகாமில் யாரும் உரக்கப் பேச மாட்டார்கள் என்று சொன்னான். ஊர்ப் பெயர்களுக்காகக் காத்திருப்பார்கள். தங்கள் ஊரின் பெயர் செய்தியில் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே அவர்கள் கேட்டார்கள். பாட்டுக்காக நாங்கள் திருப்பிய அதே முள்ளை அவர்கள் எதற்காகத் திருப்பினார்கள் என்பதை நினைக்கும்போது, சிற்றலையைப் பற்றி வெறும் இனிய நினைவாக மட்டும் என்னால் எழுத முடியவில்லை.

கிருஷ்ணகிரி ரேடியோ பட்டறை எழுதியது:

பழையபேட்டையில் நாற்பது ஆண்டுகளாக வானொலி பழுது பார்த்து வருகிறேன். பெட்டியைப் பேச வைக்க முடியுமா என்று கேட்டவருக்கு: பெரும்பாலும் முடியும். ஆனால் அவசரப்பட வேண்டாம்.

முதலில் பின் மூடியைத் திறந்து பாருங்கள். பழைய பேட்டரிக் கட்டைகள் உள்ளேயே இருந்தால் அவை கசிந்து, பித்தளைத் தகடுகளில் பச்சையாகவும் வெள்ளையாகவும் உப்புப் பூத்திருக்கும். எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு ஸ்பிரிட்டால் துடைத்துக் காய வையுங்கள். மின்சார வயரில் நேரடியாகச் செருக வேண்டாம். பல ஆண்டுகள் சும்மா கிடந்த பெட்டியில் மின்தேக்கிகள் வறண்டு போயிருக்கும். மின்சாரம் பாய்ந்தவுடன் வேறு பாகங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடும். புதிய கட்டைகள் போட்டுப் பாருங்கள்.

மத்திய அலை பேசி, சிற்றலை பேசாவிட்டால் பத்துக்கு எட்டுப் பெட்டிகளில் குற்றம், மத்திய அலைக்கும் சிற்றலைக்கும் மாற்றும் பேண்ட் சுவிட்சில்தான் இருக்கும். அதன் வெள்ளித் தகடுகள் கறுத்துவிடும். காண்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு, சுவிட்சை இருபது முப்பது முறை முன்னும் பின்னும் தள்ளினால் பெரும்பாலும் சரியாகும். முள்ளை இழுக்கும் நூல் அறுந்திருந்தால் மாற்றிவிடலாம். உள்ளே மஞ்சள், வெள்ளை, கறுப்பு நிறத் தலையுள்ள சிறு தகர டப்பாக்கள் இருக்கும். அவற்றின் திருகை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். ஆர்வத்தில் அவற்றைத் திருகிவிட்டு என்னிடம் கொண்டு வந்தவர்கள் பலர். அளவு கருவி இல்லாமல் அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது.

ஏரியலுக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் செப்புக் கம்பி போதும். வீட்டு முகட்டிலிருந்து தோட்டத்து மரத்துக்கு, இரு முனையிலும் பீங்கான் அல்லது பிளாஸ்டிக் துண்டு வைத்துக் கட்டி, நடுவே ஓர் ஒயரை இறக்கி, பெட்டியின் நீள் கம்பியில் கிளிப்பால் பிடியுங்கள். பெட்டிக்குள் இருக்கும் கறுப்புத் தண்டு மத்திய அலைக்கு மட்டுமே பயன்படும். சிற்றலைக்கு வெளிக் கம்பிதான் உயிர். இடி மின்னல் வரும் சித்திரை, ஐப்பசி மாதங்களில் கேட்டு முடித்ததும் கழற்றி வைத்துவிட வேண்டும்.

ஒரு செய்தியை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. பெட்டி சரியானாலும் முதலில் உங்களுக்கு இரைச்சல்தான் கேட்கும். எல்.இ.டி. விளக்குகளும், கைப்பேசிச் சார்ஜர்களும், இன்வர்ட்டர்களும் சிற்றலை முழுவதும் இரைச்சலைப் பரப்புகின்றன. உங்கள் தந்தையார் கேட்ட காலத்தில் ஊரில் பத்து விளக்கு இருந்திருக்கும், அவையும் குண்டு விளக்குகள். வீட்டின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, கட்டையில் ஓடும் பெட்டியைத் தோட்டத்துக்குக் கொண்டு போய்க் கேட்டுப் பாருங்கள். வேறுபாடு உங்களுக்கே தெரியும்.

பாலக்கோடு வாசகன் எழுதியது:

பெரியவர்கள் அனைவருக்கும் என் நன்றி. பத்து நாட்களாக நோட்டுகளை வரி வரியாகப் படித்தேன். பென்னாகரம் ஐயா சொன்னபடி பீகிங் பெய்ஜிங்காக மாறிய இடத்தைக் கண்டேன். அந்த வரியில் பழைய பெயரை எழுதி அடித்துவிட்டுப் புதியதை எழுதியிருக்கிறார். அரூர் அம்மா எழுதியதைப் படித்த பிறகு, 1983 ஜூலை இறுதிப் பக்கங்களைத் தேடினேன். அந்த வாரத்தில் மட்டும் எண்கள் இல்லை. நிலையத்தின் பெயரும், “கேட்டேன்” என்ற ஒரு சொல்லும் மட்டுமே இருக்கின்றன.

15.45 என்ற நேரத்தைக் கொண்ட கடைசி வரி 30.4.2017 தேதியிட்டது. அதன் எதிரே “34433, நிறைவு” என்று எழுதியுள்ளார். அதன் பிறகு நிலையங்களின் பெயர்கள் மிகக் குறைவு. மணிலா என்று சில வரிகள் 2018 ஜூன் வரை உள்ளன. அதன் பின் 2019 வரையிலான பக்கங்களில் ஏறத்தாழ எல்லா வரிகளிலும் நிலையத்தின் பெயருக்குப் பதிலாக “10, டிக் டிக்” என்று மட்டும் இருக்கிறது. எதிரே வழக்கம் போல ஐந்து இலக்கங்கள். இது என்ன நிலையம்?

ஓசூர் அலைவரிசை எழுதியது:

அது நிகழ்ச்சி ஒலிபரப்பும் நிலையம் அன்று, தம்பி. சீனாவின் ஷான்சி மாநிலத்திலிருந்து 10 மெகா ஹெர்ட்ஸில் நாள் முழுவதும் நேரக் குறியீடு ஒலிபரப்பும் பி.பி.எம். நிலையமாகத்தான் பெரும்பாலும் இருக்க வேண்டும். நொடிக்கு ஒரு துடிப்பு. 29ஆம், 59ஆம் நிமிடங்களில் மட்டும் மோர்ஸ் ஒலியும் ஒரு பெண் குரலும் வரும். பாட்டும் செய்தியும் அதில் இல்லை. வானம் திறந்திருக்கிறதா, அலை எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று பார்ப்பதற்காக எங்களைப் போன்றவர்கள் முதலில் அங்கேதான் முள்ளை வைப்போம்.

30.4.2017 தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு முடிவுற்ற நாள். 2018 ஜூன் இறுதியோடு மணிலாவின் வேரித்தாஸ் வானொலியும் சிற்றலையை விட்டது. தமிழில் கேட்பதற்கு அவர் தேர்ந்துகொண்ட நிலையங்கள் ஒவ்வொன்றாக நின்ற பிறகும், அவர் ஒவ்வோர் இரவும் வானத்தை அளந்து மதிப்பெண் இட்டிருக்கிறார். அந்தப் பக்கங்களைத் தவறவிடாமல் படி எடுத்து வையுங்கள். சூரியனின் பதினோராண்டுச் சுழற்சியில் அது மிகவும் அடங்கிக் கிடந்த ஆண்டுகள் அவை. அந்தக் காலத்துப் பதிவு ஓர் ஊரில் நாள்தோறும் எழுதப்பட்டிருப்பது அரிது.

பாலக்கோடு வாசகன் எழுதியது:

பட்டறை ஐயா சொன்னபடியே செய்தேன். பேண்ட் சுவிட்சுதான் கறுத்திருந்தது. நேற்று இரவு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, புளிய மரத்துக்குக் கட்டிய கம்பியோடு திண்ணையில் உட்கார்ந்தேன். அம்மா அருகில் வந்து உட்கார்ந்துகொண்டார். டயலில் 10க்கு நேரே மெல்ல நகர்த்தியபோது முதலில் ஒன்றும் இல்லை. சிறிது இடப்புறம் வந்ததும், கரகரப்புக்கு அடியில் நொடி நொடியாக அந்தத் துடிப்பு கேட்டது. “இதைத்தானே அவர் ராத்திரியெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார், கடிகாரம் எங்கே அடிக்கிறது என்று நான் தேடியிருக்கிறேன்” என்றார் அம்மா.

9.29க்கு அந்தப் பெண் குரல் வந்தது. அலை இறங்கிவிட்டதால் முழுவதும் பிடிபடவில்லை. இரைச்சலுக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பது என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அருகில் பேசுகிறவர் குரல் இரைச்சலைத் தாண்டிக் கேட்கும் அளவில் இருந்தால் 2 என்று கொள்வதா, 3 என்று கொள்வதா என்பதைப் பென்னாகரம் ஐயா அவர்கள் தெரிவித்தால் அந்த வரியை நிறைவு செய்துவிடுவேன்.

பென்னாகரம் நேயர் எழுதியது:

2 என்று போடுங்கள், தம்பி. மொத்த மதிப்பெண்ணும் அதற்கு மேல் போக வேண்டாம்.